பக்கத்து வீட்டுக்கு ஒரு கடிதம்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைக் கிழி கிழின்னு கிழிச்சதுக்கு ஏகப்பட்ட பாராட்டு. நன்றி, நன்றி. இந்த வாரம் கிழியப்போறது நானேதான்!

மேட்டர் இதுதான். ஒரு புதன்கிழமை ராத்திரி பதினொன்றே முக்கால் மணி. ஹாஸ்டல் மொட்டைமாடி. ஒரு தோழிக்கு ‘சாப்பிட்டியா?’ன்னு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்டினேன். (பேர் கேட்காதீங்க. ‘பேர் மட்டும் வந்துச்சு, அப்புறம் உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்’ங்கிற நிபந்தனையோட அவங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதுறேன்.) ரெண்டு டிக்கும் நீலமாச்சு. பதில் இல்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்... ம்ஹூம்! அடுத்த பன்னிரண்டு நிமிஷத்தில் ஏழு மெசேஜ் அனுப்பினேன் பாஸ். முதலாவது, ‘பிஸியா?’. மூணாவது, ‘பார்த்துட்டு வேணும்னேதானே பதில் போடலை?’. அஞ்சாவதில் எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் பேரு வந்துடுச்சு. ஏழாவதை இங்கே எழுத முடியாது.

மறுநாள்தான் தெரிஞ்சது. அவங்க பாட்டிக்கு ராத்திரி திடீர்னு மூச்சுத்திணறல். மொத்தக் குடும்பமும் ஆஸ்பத்திரி வராண்டாவில். போன் தம்பி கையில் இருந்திருக்கு. டிக் நீலமானது அவனோட கைங்கர்யம். அவங்க என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘ஏழாவது மெசேஜைப் படிச்சப்ப, முதல் தடவையா உன்கிட்ட எனக்குப் பயமா இருந்துச்சுடா’ன்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

இந்த லட்சணத்தில் எனக்கு வந்த அசைன்மென்ட் என்ன தெரியுமா? ‘ரொமான்டிக் கவிஞர் யாராவது ஒருத்தர் காதலைப் பத்தி என்ன சொல்லியிருக்கார்னு ஜாலியா ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பா.’ விதி பாருங்க!

முதல்ல ஒரு பல்பு. ரொமான்டிக் கவிஞர்னா சதா ரோஜாப்பூவும் கையுமா அலையறவர்னு நினைச்சிருந்தேன். அது இல்லையாம். பதினெட்டாம் நூற்றாண்டோட கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு இலக்கிய அலைக்குப் பேர் அது. சட்டதிட்டம், பண்டித மிடுக்கைவிட மனுஷனோட உணர்ச்சி, கற்பனை, இயற்கை இதெல்லாம் பெருசுன்னு சொன்ன கோஷ்டி. வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ்னு லிஸ்ட் போகும். எங்க காலேஜ் லைப்ரரியில் ஆங்கில ஷெல்ஃபில் தூசி தட்டினப்ப கையில் சிக்கினது ஜான் கீட்ஸோட கடிதத் தொகுப்பு. கவிதைப் புத்தகம் இல்லை, கடிதங்கள். சும்மா புரட்டலாம்னு உட்கார்ந்தவன், வாட்ச்மேன் வந்து லைட்டை அணைக்கிற வரைக்கும் எழுந்திருக்கலை.

ஏன்னா, ஆள் நம்ம செட்டு! 1795-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா குதிரை லாயம் நடத்தினவர். கீட்ஸுக்கு எட்டு வயசிருக்கும்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்துட்டார். பதினாலு வயசில் அம்மாவும் போயாச்சு, காசநோய். வீட்டுப் பெரியவங்க மருத்துவம் படிக்கச் சேர்த்துவிட்டாங்க. கைஸ் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுற வேலை. மயக்க மருந்தெல்லாம் வராத காலம், அலறல் சத்தத்துக்கு நடுவில் படிப்பு. 1816-ல் பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிட்டார். அப்போ வயசு 20. என் வயசு! வாங்கின கையோட, ‘எனக்கு மருத்துவம் வேணாம், கவிதைதான்’னு கிளம்பிட்டார். இன்ஜினீயரிங் முடிச்சுட்டு சினிமா சான்ஸ் தேடிப்போற நம்ம சீனியர்கள் ஞாபகம் வருதா?

அவர் எழுதின பெரிய கவிதைப் புத்தகம் 1818-ல் வந்தப்ப, ஒரு பத்திரிகை விமர்சகர் ‘மரியாதையா மருந்துக்கடைக்கே திரும்பிப் போயிடு’ங்கிற ரேஞ்சுக்குக் கிண்டலடிச்சார். அதை விடுங்க. என்னை உட்காரவெச்சது அந்தச் சமயத்தில் நண்பருக்கும் தம்பிகளுக்கும் அவர் எழுதின மூணு கடிதங்கள்.

ஒண்ணு, 1817 நவம்பரில் பெய்லிங்கிற நண்பருக்கு எழுதினது. என் ஜன்னல் பக்கம் ஒரு குருவி வந்து உட்கார்ந்தால், நான் அந்தக் குருவியாவே மாறி அது கூட சேர்ந்து கூழாங்கல் பொறுக்க ஆரம்பிச்சிடுவேன்கிற மாதிரி சொல்றார். அதாவது, அடுத்த உயிரோட வாழ்க்கைக்குள்ளே போய் இருந்து பார்க்கிற குணம். ரெண்டாவது, அதே வருஷம் டிசம்பரில் தம்பிகளுக்கு எழுதினது. இன்னிக்கும் உலகம் பூரா இலக்கிய வகுப்புகளில் பாடமா நடத்துறாங்க. பெரிய எழுத்தாளனுக்கு என்ன தகுதி வேணும்? எதுவும் உறுதியா தெரியாத நிலையில், சந்தேகத்துக்கும் மர்மத்துக்கும் நடுவில், ‘உண்மை என்ன, காரணம் என்ன’ன்னு பிறாண்டிக்கிட்டே இருக்காம சும்மா இருக்கத் தெரியணுமாம். ‘நெகட்டிவ் கேப்பபிலிட்டி’ன்னு அதுக்குப் பேரும் வெச்சார். ‘இல்லாத திறமை’ன்னு தப்பா புரிஞ்சுக்காதீங்க. தெரியாததைத் தெரியாததாவே விட்டுவைக்கிற தெம்பு.

மூணாவதுதான் செம. 1818 ஜூலை. ஸ்காட்லாந்தில் மலையும் ஏரியுமா நடந்து சுத்திக்கிட்டிருக்கும்போது, அதே பெய்லிக்கு மனசைத் திறந்து கொட்டுறார். பெண்கள் இருக்கிற இடத்துக்குப் போனாலே எனக்குள்ள என்னவோ ஆகுது. பேசவும் முடியலை, சும்மா இருக்கவும் முடியலை. சந்தேகமா வருது, எரிச்சலா வருது, எப்படா கிளம்புவோம்னு இருக்கு. ஸ்கூல் பையனா இருந்தப்ப பெண்களைத் தேவதைன்னு நினைச்சிருந்தேன், இப்போ பார்த்தா நம்மள மாதிரிதான் இருக்காங்க. அவங்க நிஜத்தில் என்னவோ, அதுக்கு மேல எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? இப்படிப் போகுது. கூடவே ஒரு சுயகிண்டல். ஐந்தடி உயரம் உள்ள இந்த மிஸ்டர் ஜான் கீட்ஸுக்குத் தங்களைப் பிடிக்குதா இல்லையான்னு பெண்கள் கவலைப்படப் போறதில்லையாம். (காலேஜ் குரூப் போட்டோவில் எப்பவும் முதல் வரிசையில் நிறுத்தப்படுறவன்கிற முறையில், இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிடுச்சு.)

எவ்வளவு தெளிவு பாருங்க! தன் வியாதி என்னன்னு தனக்கே சீட்டு எழுதின டாக்டர். இப்படிப்பட்ட ஆளுக்குக் காதல் வந்தால் எப்படி இருக்கும்? உலகத்துக்கே முன்மாதிரியா இருக்கணும் இல்லையா?

வந்தது. 1818 கடைசியில் ஃபேனி பிரான்னு ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். ஃபேனிக்கு 18, இவருக்கு 23. ஃபேனிக்குத் தையல், ஃபேஷன், நாவல், நாட்டியம் எல்லாத்திலும் ஆர்வம். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த டிசம்பரில்தான் கீட்ஸோட தம்பி டாம் காசநோயில் சாகிறார், 19 வயசு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டவர் கீட்ஸ். அப்புறம் ஹாம்ப்ஸ்டெட்டில் வென்ட்வொர்த் பிளேஸ்ங்கிற வீட்டில், நண்பர் சார்லஸ் பிரௌனோடு போய்த் தங்குறார். ஒரே கட்டடம், ரெண்டு குடித்தனம். 1819 ஏப்ரலில் அடுத்த பாதிக்கு யார் குடிவந்தாங்க? ஃபேனி, அவங்க அம்மா, தம்பி, தங்கை! நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த வசந்தத்தில்தான் ஆங்கில இலக்கியத்தின் உச்சம்னு சொல்ற அவரோட கவிதைகள் பலதும் கடகடன்னு வருது. தோட்டத்து மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நைட்டிங்கேல் குயிலைப் பத்தி எழுதினது அந்த மே மாசம்தான்.

கோடையில் எழுதுறதுக்காக வைட் தீவுக்குப் போறார். அங்கிருந்து ஃபேனிக்குக் கடிதம் போக ஆரம்பிக்குது. இன்னிக்கு நம்மகிட்ட இருக்கிற முதல் கடிதத்தோட தேதி 1819 ஜூலை 1. அதில் ஒரு விஷயம் படிச்சுட்டு, புத்தகத்தை மூடிவெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், நல்லவேளை தபாலில் சேர்க்க வழியில்லாமல் போச்சு, ரொம்ப ஓவரா இருந்துச்சுங்கிறார். காலையில் எழுதினால்தான் புத்தி ஒழுங்கா இருக்குமாம். நாள் முடிஞ்சு, தனியா, அமைதியான அறையில் உட்கார்ந்தால் மனசு எங்கெங்கேயோ போயிடுமாம். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, தபால் வண்டி இல்லைங்கிறதால் ஒருத்தர் தப்பிச்சிருக்கார். என் மொட்டைமாடியில் சிக்னல் நாலு கோடு இருந்தது.

அந்தத் தெளிவும் ரொம்ப நாள் நிக்கலை. அதே கடிதத்திலேயே, என்னை இப்படிச் சிக்கவெச்சு என் சுதந்திரத்தை அழிச்சது கொடுமைன்னு உனக்கு உறைக்கலையான்னு கேட்கிறார். வெறும் மூணு நாள் வாழ்ற பட்டாம்பூச்சிகளா நாம பிறந்திருக்கலாம்னு ஏங்குறார். அடுத்த வாரமே இன்னொரு கடிதம். ‘உன் அழகைப் பத்தி ஏன் நான் பேசக்கூடாது? அது இல்லாமல் உன்னை நேசிச்சிருக்கவே முடியாதே’ங்கிற பாணியில் வாதாடுறார். கொஞ்சம் யோசிங்க. அவர் இப்படிப் பதில் சொல்றார்னா, ஃபேனி என்ன கேட்டிருப்பாங்க? ‘எப்பப் பாரு அழகு, அழகுன்னு... வேற எதுவும் கண்ணுக்குத் தெரியலையா?’ன்னு கேட்டிருக்கணும். 18 வயசுப் பெண் கேட்ட சரியான கேள்வி. ஆனா, அந்தக் கடிதம் நம்மகிட்ட இல்லை. சுவருக்கு இந்தப் பக்கத்துக் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்குது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் இதுக்கு வரணும்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர் வெச்சிருக்கிற ஒருத்தனோட சின்ன குறுக்கீடு. ஒரு சிஸ்டத்தில் ஃபீட்பேக் லேட்டா வந்து, அது வர்றதுக்குள்ளே நீங்க திருத்தம் மேல திருத்தமா கொடுத்துக்கிட்டே இருந்தால், சிஸ்டம் நிலையா நிக்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா ஆட ஆரம்பிச்சு, ஆட்டம் பெருசாகிக்கிட்டே போகும். கீட்ஸோட கடிதங்களைத் தேதிவாரியா படிக்கும்போது அந்த கிராஃப்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. எங்க புரொஃபஸர் மூணு கிளாஸ் நடத்தியும் மண்டையில் ஏறாதது அன்னிக்கு ஏறிடுச்சு!

1819 அக்டோபரில், மத்தவங்க மதத்துக்காக உயிரைக் கொடுக்கிற மாதிரி தன்னால் காதலுக்காகக் கொடுக்க முடியும்னு எழுதுறார். கல்யாணம் பண்ணிக்கிறதா பேச்சாச்சு. ஆனா, கையில் காசு இல்லை. ஃபேனியோட அம்மாவுக்கு அரை மனசு. அப்புறம் வந்தது 1820 பிப்ரவரி 3. குளிரில் கோச் வண்டியின் வெளி சீட்டில் உட்கார்ந்து வந்து, படுக்கையில் இருமினார். ஒரு சொட்டு ரத்தம். மெழுகுவத்தியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். படிச்ச படிப்பு அவருக்கு உதவின ஒரே இடம் அதுதான். அந்த நிறத்தைப் பார்த்ததுமே அது தன் மரண ஓலைன்னு பிரௌன்கிட்ட சொல்லிட்டார். அம்மாவையும் தம்பியையும் கொண்டுபோன அதே நோய்.

அவர்மேல எனக்குக் கோபம் வராம தடுக்கிறது இந்த ஒரு ராத்திரிதான். இதுக்கு அப்புறம் அவர் பயந்ததைத் தப்புன்னு சொல்ல நான் யாரு?

பக்கத்து வீட்டுக்குள்ளே ஃபேனி. அடிக்கடி பார்த்தால் உடம்புக்கு ஆகாதுன்னு கட்டுப்பாடு. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்குக் குட்டிக் குட்டிக் கடிதங்களா எழுதி அனுப்புறார். ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு ‘குட்நைட்’ சீட்டு அனுப்புன்னு கேட்கிறார். அதெல்லாம் படிக்க அவ்வளவு அழகு. ‘நிச்சயதார்த்தத்தை முறிச்சுக்க விருப்பமானா முறிச்சுக்கோ’ன்னு பெருந்தன்மையாவும் சொல்லிப் பார்த்தார். ஃபேனி முடியாதுன்னுட்டாங்க.

ஆனா, அந்தக் கோடையில் வேற இடத்துக்குத் தங்கப் போனதும் தொனி மாறுது. நீ தனியா டவுனுக்குப் போனியாமே, கேட்டதும் அதிர்ச்சியாயிடுச்சு, எனக்கு உடம்பு தேறுற வரைக்கும் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு. பிரௌன்கிட்ட நீ சிரிச்சுப் பேசுறது என்னைக் கொல்லுது. நான்னு ஒருத்தன் இல்லாத மாதிரி வாழாதே. நான் கேட்டால் எனக்காகச் சித்ரவதைப்பட்டுச் சாகவும் நீ தயாரா இருக்கணும். இவ்வளவும் அவர் கேட்டதோட சாரம்தான். ஜன்னலுக்கு வந்த குருவிக்குள்ளே புகுந்து கல் பொறுக்கின மனுஷனுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தைச்சுக்கிட்டிருந்த ஒரு பெண்ணுக்குள்ளே ஒரு சாயங்காலம்கூடப் புகுந்து பார்க்க முடியலை. தெரியாததைத் தெரியாததாவே விடணும்னு சொன்னவர், அவள் டவுனுக்கு எதுக்குப் போனாள்னு தெரியாம ஒரு நாளைக்கூடக் கடத்த முடியலை. அந்தக் கடிதங்களில் நான் தேடித் தேடிப் பார்த்தேன். உன் பொழுது எப்படிப் போச்சுன்னு சாதாரணமா கேட்கிற இடம் ரொம்பக் குறைவு. நீ யாரோட இருந்தேங்கிறதுதான் நிறைய.

ஆகஸ்டில் ஒரு கூத்து. ஃபேனியோட கடிதம் ஒண்ணு ரெண்டு நாள் தாமதமா, முத்திரை உடைஞ்சு அவர் கைக்கு வருது. அதைத் தாங்கிக்க முடியாம தங்கியிருந்த வீட்டிலிருந்தே கிளம்பி வந்துட்டார். சேர்த்துக்கிட்டது யார்? ஃபேனியும் அம்மாவும்தான். அந்தக் காலத்தில், கல்யாணம் ஆகாத பெண் இருக்கிற வீட்டில்! ஒரு மாசம் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. அதுதான் சேர்ந்து இருந்த கடைசி மாசம். குளிர் தாங்காதுன்னு டாக்டர்கள் இத்தாலிக்குப் போகச் சொல்ல, பயணத் தொப்பிக்கு உள்பக்கம் பட்டுத் துணி வெச்சுத் தைச்சுக் கொடுத்தாங்க ஃபேனி. கைக்குள்ளே வெச்சுக்க ஒரு வெள்ளைக் கல்லும் கொடுத்தாங்க.

செப்டம்பரில் கப்பலேறினார். கூட ஜோசஃப் செவர்ன்னு ஒரு ஓவிய நண்பர். ரோம் நகரில், ஸ்பெயின் சதுக்கத்துப் படிக்கட்டை ஒட்டின வீட்டில் ஒரு சின்ன அறை. அங்கிருந்து ஃபேனிக்கு ஒரு கடிதம்கூட எழுதலை. ஃபேனி எழுதின கடிதங்கள் வந்தது. பிரிக்கலை. ஒரு வரி பதிலுக்காக அவ்வளவு துடிச்ச மனுஷன், கடிதம் கையிலேயே இருந்தும் பிரிக்கலை. படிச்சா தாங்காதுன்னு தெரிஞ்சிருந்தது. அந்த வெள்ளைக் கல்லை மட்டும் உள்ளங்கையில் மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டிருந்தார். 1821 பிப்ரவரி 23-ம் தேதி இறந்தப்ப வயசு 25. பிரிக்காத கடிதங்களைச் சவப்பெட்டியில் அவரோடவே வெச்சுப் புதைச்சாங்க.

இப்போ சுவருக்கு அந்தப் பக்கம். ஃபேனி பல வருஷம் துக்க உடையில் இருந்தாங்க. 1833-ல் வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணி, மூணு குழந்தைகள் பெத்து, 1865-ல் காலமானாங்க. கீட்ஸ் பெரிய கவியா கொண்டாடப்பட ஆரம்பிச்ச பிறகும், அவர் காதலிச்ச பெண் நான்தான்னு வெளியே வந்து சொல்லிக்கலை. ஆனா, அவரோட கடிதங்களைக் கடைசிவரை பத்திரமா வெச்சிருந்தாங்க. 1878-ல் அது புத்தகமா வந்தது. 1885-ல் லண்டனில் ஏலம் போச்சு. அதைப் பார்த்து மனசு நொந்து ஆஸ்கார் வைல்டு ஒரு கவிதையே எழுதினார். படிச்ச பெரியவங்க என்ன செஞ்சாங்க? மேத்யூ ஆர்னால்டு மாதிரி ஆளுங்க ‘இதெல்லாம் வைத்தியருக்கு எடுபிடியா இருந்த பையனோட காதல் கடிதம்’னு மூக்கைச் சுளிச்சாங்க. மத்தவங்க, இவ்வளவு துடிக்கவெச்ச அந்தப் பெண் எவ்வளவு மோசமானவளா இருக்கணும்னு ஃபேனியைத் திட்டினாங்க. கல்நெஞ்சக்காரி, ஆட்டக்காரி, மேதைக்குத் தகுதியில்லாதவள். ஆதாரம்? ஒரு காய்ச்சல்காரரோட பயம்! என் அஞ்சாவது மெசேஜை மட்டும் யாராவது படிச்சா, என் தோழியைப் பத்தி என்ன நினைப்பாங்களோ, அதே கதைதான்.

ஐம்பது வருஷத்துக்கு மேல அவங்க பேர் அப்படியே கிடந்தது. 1930-களில், கீட்ஸோட தங்கைக்கு ஃபேனி எழுதின கடிதங்கள் அச்சாகி வந்தது. (தங்கை பேரும் ஃபேனிதான், குழம்பாதீங்க.) ரோமுக்குப் போகும்போது, ‘என் தங்கைக்கு எழுது’ன்னு கீட்ஸ் கேட்டிருந்தார். அதுக்காக ஆரம்பிச்சு 1824 வரைக்கும், காவல்காரர் மாதிரி ஒரு கார்டியனோட வீட்டில் மாட்டிக்கிட்டிருந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க. புத்தகம், துணிமணி, ஊர்க் கதை, கிண்டல் எல்லாம் இருக்கு. நடுவில், அவர் செத்து மூணு மாசத்தில், மத்த நண்பர்களெல்லாம் ஆறிட்டாங்க, நானும் ஆறிட்டதா நினைக்கிறாங்க, எனக்கு ஆறலை, ஆறப்போறதும் இல்லைங்கிற அர்த்தத்தில் சில வரிகள். அழுது புலம்பாம, சாதாரணமா சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுறாங்க. அப்புறம்தான் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் அபிப்பிராயத்தை மாத்திக்கிட்டாங்க. 2009-ல் ஜேன் கேம்பியன் எடுத்த ‘பிரைட் ஸ்டார்’ படம் முழுக்க முழுக்க ஃபேனி பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை. கிடைச்சா பாருங்க, கர்சீஃபோட.

ஆனா, ஃபேனி கீட்ஸுக்கு எழுதினதில் ஒரே ஒரு கடிதம்கூட இன்னிக்கு இல்லை. சவப்பெட்டிக்குள்ளே போனதில் என்ன இருந்ததுன்னு எழுதினவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அது கீட்ஸுக்கே தெரியாது.

இதையெல்லாம் எழுதி முடிச்சதும், என் தோழிக்கு ஒரு மன்னிப்பு மெசேஜ் போட்டேன். காலை பத்து மணிக்குத்தான் சாமி, ராத்திரி இல்லை! கீட்ஸ், குருவி, ஃபீட்பேக் எல்லாம் போட்டு, நான் ஏன் அப்படி நடந்துக்கிட்டேன்னு அலசி ஆராய்ஞ்சு, நாலு ஸ்க்ரீன் நீளத்துக்கு. ரெண்டு டிக் நீலமாச்சு. போனைக் கவுத்து வெச்சுட்டு லேபுக்குப் போயிட்டேன். சாயங்காலம் பதில் வந்திருந்தது.

‘எல்லாம் சரி. பாட்டி எப்படி இருக்காங்கன்னு நீ இன்னும் கேட்கவே இல்லை.’